பன்னிரண்டு கிலோமீட்டர்

...பன்னிரண்டு, மறுபடியும் பன்னிரண்டு, ஒரு வருஷம் முழுக்க ஒரு மோட்டார் சைக்கிள் பன்னிரண்டே கிலோமீட்டர்தான் ஓடியது என்று இந்தத் தாள் சொல்கிறது, அடுத்த தாளும் அதையே சொல்கிறது, நான் நம்ப வேண்டுமாம், யார், முப்பத்தொரு வருஷம் பழைய இரும்புக் கடை எடைமேடையில் உட்கார்ந்தவன், எத்தனை பேரைப் பார்த்தாயிற்று, சரக்கோடு லாரியை நிறுக்கும்போது மூன்று தடியன்கள் உள்ளே உட்கார்ந்திருப்பார்கள், காலி லாரியை நிறுக்கும்போது மூன்று பேருமே டீ குடிக்கப் போயிருப்பார்கள், கேட்டால் ஒன்றும் தெரியாதவர்கள் மாதிரி பல்லைக் காட்டுவார்கள்... எழுத்து எனக்கு மெதுவாகத்தான் வரும், ஒவ்வொன்றாகக் கூட்டிப் படிக்க வேண்டும், எண் அப்படியில்லை, ஒரு பார்வை போதும். ஐந்து வருஷம், ஐந்து சோதனைத் தாள், வண்டியை வருஷா வருஷம் சோதனை நிலையத்துக்குக் கொண்டுபோய்ப் பிரேக், விளக்கு, புகை எல்லாம் பார்த்து மீட்டரில் இருப்பதை எழுதி முத்திரை குத்திக் கொடுத்தது. முதல் தாளில் ஒன்பதாயிரத்து முந்நூற்றுப் பத்து. இரண்டாவதில் பதினேழாயிரத்து இருபத்தாறு. மூன்றாவதில் இருபத்து மூவாயிரத்து நானூற்றுப் பதினெட்டு. அதுவரை சரி, மனுஷன் ஓட்டுகிற ஓட்டம். நாலாவதில் அதே இருபத்து மூவாயிரத்து நானூற்று முப்பது. ஐந்தாவதில் நானூற்று நாற்பத்திரண்டு. பறந்தா போனார்கள்? மீட்டர் வயரைக் கழற்றிவிட்டு இரண்டு வருஷம் ஓட்டித் தள்ளியிருப்பார்கள், சோதனைக்கு முதல் நாள் மாட்டியிருப்பார்கள், வேறென்ன, பிடித்துவிட்டேன், இந்த வண்டியும் வேண்டாம், வீட்டுக்குப் போகலாம்.

மகள் வண்டிக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து சங்கிலியைத் தொட்டுப் பார்க்கிறாள், கையில் கறை, அதைப் பற்றிக் கவலையில்லை அவளுக்கு. வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து லேபுக்குக் கொடுக்கிற வேலை, இதுவரை பஸ்ஸில் போய் வந்தாள், இப்போது வண்டி இருந்தால்தான் அடுத்த ஊர்ப் பக்கம் தருவோம் என்கிறார்களாம், திங்கட்கிழமைக்குள் சொல்ல வேண்டுமாம், இல்லையென்றால் வேறு ஆளுக்குப் போய்விடுமாம். நாற்பது கிலோமீட்டர் போக, நாற்பது வர. லாரி ஓடுகிற சாலை. அந்த லாரிகளை எனக்குத் தெரியாதா, பிரேக் எந்த லட்சணத்தில் இருக்கும் என்று எனக்குத் தெரியாதா... இது நாலாவது வண்டி. முதல் வண்டிக்குச் சங்கிலி தொங்கியது. இரண்டாவதை விற்க வந்தவன் ரொம்பச் சிரித்தான். மூன்றாவதில் டேங்க்குக்குப் புதுப் பெயின்ட், எதை மறைக்கப் பூசினார்களோ. பிறந்தபோதே உங்களை யாராவது ஏமாற்றிவிட்டார்களா என்று வரும் வழியில் கேட்டாள்.

வண்டியை விற்கிற அம்மாள் சாவியோடு வெளியே வந்தார். ஐம்பது வயதிருக்கும், ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்தார். சுற்றி வளைக்க எனக்கு வராது.

"ஏம்மா, மீட்டர் வயரக் கழட்டிட்டு ஓட்டினீங்களா?"

மகள் தலையைக் குனிந்துகொண்டாள். அந்த அம்மாளுக்குக் கோபம் வரவில்லை, தாளை எட்டிப் பார்த்தார், எதைக் கேட்கிறேன் என்று புரிந்துவிட்டது. அவர் வீட்டுக்காரர் மூன்றாவது சோதனை முடிந்து வீட்டுக்கு வந்த அன்றைக்கே மாடிப்படியில் விழுந்து படுத்துவிட்டாராம், இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லையாம், ஆனால் சோதனைத் தேதி மட்டும் தப்பக் கூடாதாம் அவருக்கு, அது நின்றுபோனால் இனி எழுந்திருக்கவே மாட்டோம் என்று ஒரு நினைப்பாம்.

"மொத வருஷம் தள்ளிட்டேதான் போனேன் ஐயா. போக ஆறு கிலோமீட்டர், வர ஆறு. வழியெல்லாம் பெட்ரோல் தீந்துடுச்சான்னு கேட்டாங்க. கால் வலிக்கல, பதில் சொல்லிச் சொல்லி வாய்தான் வலிச்சுது."

அடுத்த வருஷம் தானே ஓட்டிக்கொண்டு போனாராம். பழகியது பக்கத்து வீட்டு வண்டியில். இதில் பழகக் கூடாது, விழுந்தால் வண்டிக்கு அடிபடும் என்றாராம் படுத்திருந்தவர். மகள் சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, கதை நன்றாக இருக்கிறது, நன்றாக இருக்கிற கதையைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்... தள்ளினாலும் சக்கரம் சுற்றும், சக்கரம் சுற்றினால் மீட்டர் ஓடும், அது சரி, ஆறும் ஆறும் பன்னிரண்டு, அதுவும் சரி. ஆனால் கடைசித் தாளுக்கு அப்புறம் வண்டி வீட்டுக்குத் திரும்பி வந்திருக்க வேண்டுமே, ஒரு ஆறு, வெறும் ஆறு. நாற்பத்திரண்டும் ஆறும் நாற்பத்தெட்டு. பொய் என்றால் இங்கே மாட்டும். முட்டி வலிக்க வலிக்கக் குனிந்து, மீட்டர் கண்ணாடித் தூசியைக் கட்டைவிரலால் துடைத்துப் பார்த்தேன். இருபத்து மூவாயிரத்து நானூற்று நாற்பத்தெட்டு.

அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு குனிந்தபடி நிற்கிறேன். எடை சரியாக இருந்தால் ஒரு நிம்மதி வரும், முப்பத்தொரு வருஷமும் வந்திருக்கிறது, இன்றைக்கு ஏன் வரவில்லை? டயர் பார்த்தேன், நின்றே கிடந்ததில் வெடிப்பு, மாற்றிக்கொள்ளலாம். பிரேக் பார்த்தேன், பிடிக்கிறது. கால் வைக்கிற ரப்பர், விளக்கு, கைப்பிடி... எங்கேயாவது ஒன்று இருக்கும், ஒன்றுமில்லாத வண்டி உண்டா? ஒன்றுமில்லை. அவள் வேலை முடிந்து வருவது ஆறு பத்து பஸ் என்றால் ஆறு மணிக்கே நிறுத்தத்தில் நிற்பேன், சும்மா நடக்க வந்தவன் மாதிரி, அவளும் நம்பிய மாதிரி கூட நடந்து வருவாள். வண்டி வந்துவிட்டால் எந்த நிறுத்தத்தில் நிற்பது, எத்தனை மணிக்கு நிற்பது?

"அப்பா, என்ன சொல்றீங்க? ஒரு சுத்துப் போய்ட்டு வரட்டா?"

தலையை ஆட்டினேனா, அவளாகவே எடுத்துக்கொண்டாளா, தெரியவில்லை. மூன்றாவது உதையில் கிளம்பியது, நான் மறுபடி தாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், நாலாவதுக்கும் ஐந்தாவதுக்கும் ஒரே முத்திரையா என்று... நிமிர்ந்தபோது அவள் தெரு முனையில் திரும்பிக்கொண்டிருந்தாள், முதுகு மட்டும் தெரிந்தது, அப்புறம் அதுவும் இல்லை.

"போன தடவ நான் ஓட்டிட்டுத் திரும்பி வர வரைக்கும் அவரும் இப்படித்தான் வாசல் பக்கமே காது கொடுத்துட்டு இருந்தாராம். முனையில திரும்பும்போதே நம்ம வண்டின்னு சொல்லிட்டாராம், அவரப் பாத்துக்க வந்த நர்ஸ் சொன்னா. அவரு போயி ரெண்டு மாசமாச்சு, இப்போ கேக்க ஆளில்ல" என்று சொல்லிவிட்டு, அந்த அம்மாள் என் கையில் சுருண்டுபோயிருந்த தாள்களை வாங்கி நீவிவிட்டார்.

ஒரு சுற்றுக்கு எவ்வளவு நேரம் ஆகும், தெரு சின்னது, முனையில் இடது பக்கம், மறுபடி இடது, மறுபடி இடது, இவ்வளவு நேரம் ஆகாது, பெரிய சாலைக்குப் போய்விட்டாளா, போகாதே என்று சொல்லவில்லையே நான்... ஒரு மோட்டார் சத்தம் வருகிறது. முனையை நெருங்குகிறது. பின்னால் இன்னொன்றும் வருகிறது. இந்த வண்டியின் ஐந்து வருஷக் கணக்கை மனப்பாடமாகச் சொல்வேன், அதன் சத்தம் எப்படி இருந்தது என்று கேட்டால் எனக்குத் தெரியாது, கிளப்பும்போது காதைக் கொடுக்கவில்லை. முன்னால் வருவதா, பின்னால் வருவதா... எது அவளுடையது?