ஒரு டேங்க் காற்று

மணி நாலு பத்துக்கு ஸ்வாதிக்கு ஞாபகம் வந்தது.

கண்காட்சியின் கடைசி நாள். மூன்றாம் எண் ஷட்டர் அருகே அட்டையும் பேனாவுமாக நின்று, எந்த லாரியை எப்போது உள்ளே விடவேண்டும் என்று காவலாளியிடம் சொல்லிக்கொண்டிருந்தவள், பாதி வாக்கியத்தில் நின்றுவிட்டாள். முப்பத்தொன்பதாம் எண் ஸ்டால். பார்வதம் அம்மா. நாலரை மணி.

அட்டையில் விரலை ஓட்டினாள். 'ஸ்டால் 39. கழற்றும் நேரம் 4.00.' கீழே அவளுடைய கையெழுத்து.



சென்னீர்குப்பத்தில் கிடங்கு வைத்திருக்கும் ஒரு ஸ்டால் கம்பெனியில் அவளுக்கு வேலை. அம்பத்தூர் தொழிற்பேட்டையை ஒட்டிய இந்தக் கூடத்தில் சமையல் இயந்திரக் கண்காட்சி. நூற்றுப் பத்து ஸ்டால்கள். எது எப்போது எழ வேண்டும், எந்த இயந்திரம் எந்த வழியாக உள்ளே வர வேண்டும், நாலாம் நாள் எது முதலில் விழ வேண்டும், எல்லாம் அவள் போடும் ஷீட்தான். கட்டுவதற்கு ஒன்று, கழற்றுவதற்கு ஒன்று. இரண்டாவதற்கு அவள் மெனக்கெடுவதே இல்லை. முதல் ஷீட்டைத் தலைகீழாகத் திருப்பிவிடுவாள். கடைசியாக உள்ளே வந்தது முதலில் வெளியே போகும். ஆறு வருஷமாக அது பிசகியதில்லை.

முத்தாபுதுப்பேட்டையிலிருந்து பார்வதத்தின் இயந்திரத்தை ஏற்றி வந்த குட்டியானை வண்டி வழியில் பஞ்சர். அதுதான் கூடத்துக்குள் கடைசியாக வந்தது. ஷீட்டைத் திருப்பியபோது முதல் வரியில் போய் உட்கார்ந்துகொண்டது. 

ஸ்வாதி மறந்தது ஒரே ஒரு வாக்குதான். தொழிற்சாலை கேன்டீன்களுக்குச் சமைத்து அனுப்பும் ஜெயராமன் என்பவர் கடைசி நாள் நாலரைக்கு வருகிறார். அவர் பார்க்கும்வரை எங்கள் ஸ்டாலில் கை வைக்காதீர்கள் என்று முதல் நாளே பார்வதம் கேட்டிருந்தார். ஸ்வாதி சரி என்றிருந்தாள்.

சின்ன வெங்காயம் உரிக்கும் இயந்திரம். பார்வதத்தின் கணவர் சண்முகசுந்தரம் ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் முப்பத்தாறு வருஷம் ஃபிட்டராக இருந்தவர். ஓய்வு பெற்றபின் ஒரு ஷெட்டைப் பிடித்து, மூன்று வருஷம் உட்கார்ந்து செய்தார். ஜெயராமனும் வேண்டாம் என்றுவிட்டால் மாதக் கடைசியில் ஷெட்டை ஒப்படைத்துவிட்டு, இயந்திரத்தைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுவது என்று இருவரும் பேசி முடித்திருந்தார்கள். டீ குடித்துக்கொண்டே பார்வதம் அதை, நாளைக்கு மழை வரும்போல இருக்கிறது என்பதுபோலத்தான் சொன்னார்.

ஸ்வாதி ஓடினாள்.

கடைசி நாள் மூன்று மணிக்குமேல் கூடத்தில் யாரும் வியாபாரம் எதிர்பார்ப்பதில்லை. பேனர்கள் சுருண்டுகிடந்தன. பேனல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழும் சத்தம் மேற்கூரை வரை போய்த் திரும்பியது. அவள் போய்ச் சேர்ந்தபோது முப்பத்தொன்பதாம் எண் ஸ்டால் என்று ஒன்று இல்லை. தரையில் நாலு மூலைக்கும் ஒட்டிய டேப் மட்டும் இருந்தது.

தச்சர்களின் மேஸ்திரி அழகேசன் ஸ்க்ரூக்களைப் பொறுக்கி டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தான்.

"அண்ணே, இதை யாரு கழட்டச் சொன்னது?"

"இன்னா மேடம், நீங்கதான் சொன்னீங்கோ. ஷீட்ல நாலு மணின்னு கீது. கீழ உங்க சைன் கீது. கரெக்ட் டயத்துக்குக் கைய வச்சதுக்கு ஒரு டீ வாங்கித் தருவீங்கோன்னு பாத்தா..."

"அவங்க எதுவும் சொல்லலையா?"

"அம்மா மெயின் கேட்டாண்ட போய்க்கீது, யாரையோ இட்டாறதுக்கு. பெரியவர் மட்டும்தான் இருந்தாரு. ஷீட்ட காட்னேன். கண்ணாடியப் போட்டுகினு ரெண்டு தபா படிச்சாரு. அப்பறம் அவரே ஸ்பேனர எடுத்துக் கழட்ட ஆரம்பிச்சிட்டாரு."

சண்முகசுந்தரம் பக்கத்தில்தான் நின்றிருந்தார். மடித்த துணியால் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஒரு போன் செய்திருக்கக் கூடாதா என்று ஸ்வாதி கேட்டாள்.

"நேரம் போட்டு, கையெழுத்தும் போட்டிருந்துச்சேம்மா" என்றார். "ஏதோ காரணமாத்தான் மாத்தியிருப்பீங்கன்னு நெனச்சேன்."

முப்பத்தாறு வருஷம் கையெழுத்துப் போட்ட தாளின்படி வேலை செய்தவர். அவர் குரலில் குறை எதுவும் இல்லை. திட்டியிருந்தால் ஸ்வாதிக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

மின்சாரக்காரருக்கு போன் போட்டாள். அந்த வரிசைக்கான மெயின் கேபிளையே சுருட்டியாகிவிட்டது, கீழே ஆட்கள் வேலை செய்கிறார்கள், இனி கரன்ட் கிடையாது என்று அவர் வைத்துவிட்டார். மணி நாலு பதினேழு. இயந்திரமும் கம்ப்ரஸரும் ஷட்டருக்கு வெளியே குட்டியானையில் ஏறிவிட்டன.

"கரன்ட் இல்லாம ஓடவே ஓடாதா சார்?"

சண்முகசுந்தரம் யோசித்தார். "மெஷினுக்குக் கரன்டே கிடையாதும்மா. முழுக்கக் காத்துல ஓடறது. மிதியை மிதிச்சா காத்து பீச்சும், தோல் பறக்கும். காத்து அடைக்கத்தான் கரன்ட் வேணும். டேங்க்ல மீதி எவ்வளவு இருக்கோ..."

அவர் முடிக்கவில்லை. வெளியிலிருந்து 'உஸ்ஸ்' என்று ஒரு சத்தம் கேட்டது.

அதுவும் ஷீட்டில் இருந்ததுதான். 'லாரி கிளம்புமுன் டேங்கில் உள்ள காற்றை இறக்கவும்.' பாதுகாப்புக்காக அவளே எழுதிய வரி.

"மூடச் சொல்லுங்க" என்று கத்திக்கொண்டே ஸ்வாதி சரிவுப் பாதையில் பாய்ந்தாள். அவளுக்கு முன்னால் அழகேசன் போய்விட்டான். லாரிமேல் தாவி ஏறி, வால்வைத் திறந்துகொண்டிருந்த ஆளைத் தள்ளிவிட்டுத் திருகி மூடினான். சத்தம் நின்றது.

சண்முகசுந்தரம் மூச்சு வாங்க வந்து டேங்கின் அழுத்தமானி முள்ளைப் பார்த்தார். எட்டில் நின்றிருந்தது ஆறரைக்கு வந்திருந்தது. நாலுக்குக் கீழே போனால் உரிக்காது. இரண்டு கிலோ வெங்காயத்துக்கு ஒரு புள்ளி இறங்கும். எப்படிக் கூட்டினாலும் இரண்டு தடவை நிச்சயம், மூன்றாவது சந்தேகம்.

மணி நாலு இருபத்தெட்டுக்கு பார்வதம் ஜெயராமனை அழைத்துக்கொண்டு வந்தார். கனத்த மனிதர், கையில் ஒரு கட்டைப்பை. ஸ்டால் இருந்த இடத்தைத் தேடி பார்வதத்தின் கண்கள் உள்ளே போய், வெறும் தரையில் நின்று, திரும்பி ஸ்வாதியிடம் வந்தன.

ஸ்வாதி எதையும் பூசி மெழுகவில்லை. நேரத்தைத் தப்பாகப் போட்டது நான், இவர்கள்மேல் பிசகு இல்லை, கரன்ட் போய்விட்டது, டேங்கில் இருக்கும் காற்றை வைத்து லாரிமேலேயே ஓட்டிக் காட்டுகிறோம் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள்.  பார்வதம் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, கணவரின் கையைப் பிடித்து லாரியில் ஏறினார்.

"லாரி மேலயா?" என்றார் ஜெயராமன். "சரி. ஆனா உங்க வெங்காயம் வேணாம். காட்டறதுக்குன்னு நல்லா காய வச்சுக் கொண்டுவந்திருப்பீங்க. என் கிச்சன் வெங்காயத்தை உரிங்க."

கட்டைப்பையைக் கவிழ்த்தார். மண்ணும் ஈரமுமாகப் பொடி வெங்காயம். ஈர வெங்காயம் லேசில் உரியாது என்று சண்முகசுந்தரம் அதைப் பார்த்த பார்வையிலேயே ஸ்வாதிக்குத் தெரிந்துவிட்டது.

முதல் இரண்டு கிலோ. பார்வதம் மிதியை அழுத்தினார். சீறல். தோல் கிளம்பி வெளியே பறந்து ஸ்வாதியின் தலையில் ஒட்டியது. முப்பது விநாடி. தட்டில் வெள்ளையும் ரோஸுமாக வெங்காயம் விழுந்தது. ஜெயராமன் ஒவ்வொன்றாக எடுத்துப் புரட்டினார். நாலைந்தில் மட்டும் தோல் இருந்தது. முகத்தில் எதுவும் தெரியவில்லை.

"இன்னொரு தடவை."

முள் ஐந்தரை. ஸ்வாதியின் போன் அடித்தது. மேலாளர் திருவேங்கடம். மூன்றாம் ஷட்டரை ஏன் அடைத்துக்கொண்டு ஒரு வண்டி நிற்கிறது, பின்னால் ஒன்பது லாரி காத்திருக்கிறது, உடனே நகர்த்து என்றார். பத்து நிமிஷம் சார் என்றாள். பத்து விநாடிகூடக் கிடையாது என்றார். "தப்பு என்னோடது சார். சரி பண்ணிட்டு வந்து பேசறேன்" என்று சொல்லி, ஆறு வருஷத்தில் முதல் தடவையாக அவர் போனைத் துண்டித்தாள்.

லாரிகள் ஹாரன் அடித்தன. அழகேசன் இறங்கிப்போய் முதல் வண்டியின் முன்னால் இடுப்பில் கை வைத்து நின்றான்.

"இன்னாத்துக்கு மாமே கத்தற? உன் ஊட்டுல வெங்காயம் யாரு உரிக்கறது, நீயா? உனுக்கும் சேத்துதான் அங்க உரிச்சிகினு கீறாங்கோ. வண்டிய ஆஃப் பண்ணு."

டிரைவர் சிரித்துவிட்டான். ஹாரன் நின்றது.

இரண்டாவது தடவையும் சுத்தமாக வந்தது. முள் நாலரை.

"இன்னும் ஒண்ணு" என்றார் ஜெயராமன்.

பார்வதம் கணவரைப் பார்த்தார். அவர் தலையை அசைத்தார். மிதி அழுந்தியது. பாதிவரை சீறல் இருந்தது. பிறகு மூச்சிழுப்புபோல ஆகி அடங்கியது. தட்டில் விழுந்ததில் பாதிக்குமேல் தோலோடு கிடந்தது.

 ஜெயராமன் ஒரு அரை உரிந்த வெங்காயத்தை எடுத்து விரலால் நெருடினார். தோல் லேசாக வழுக்கிக்கொண்டு வந்தது.

"காத்து நாலுக்குக் கீழ போயிருச்சுங்க" என்றார் சண்முகசுந்தரம். "போனா இப்படித்தான் வரும். அது மெஷினோட குணம். மறைக்கறதுக்கு ஒண்ணுமில்ல."

"என் கிச்சன்ல காலையில மூணு மணிலேர்ந்து பன்னெண்டு பொம்பளைங்க இதையே உரிக்கறாங்க" என்றார் ஜெயராமன். "நகத்தடி புண்ணாகி வாரத்துக்கு ரெண்டு பேர் லீவு. காய் வெட்ட ஆள் பத்தல, இதுலயே உட்கார்ந்துடறாங்க. ஆனா மிதிக்கப்போறது அவங்க. அவங்க சரின்னு சொல்லணும். நான் சொல்லி ஆகாது."

பார்வதத்தின் முகம் தாழ்ந்தது. விலையை எழுதிக் கொடுக்கச் சொல்வார், அப்புறம் பேசுவோம் என்பார், போய்விடுவார். நாலு நாளாகக் கேட்டதுதான்.

"இந்த வண்டி இப்ப எங்க போகுது?" என்றார் ஜெயராமன்.

"முத்தாபுதுப்பேட்டைக்கு" என்றாள் ஸ்வாதி.

"என் கிச்சனுக்கு அனுப்புங்க. இங்கேர்ந்து ரெண்டாவது தெரு. நாளைக்குக் காலையிலயே அவங்களை இதுல உட்கார வச்சுடறேன். ஒரு வாரம் ஓடட்டும். அவங்களுக்குப் பிடிச்சா எனக்கு மொத்தம் ஆறு வேணும்." சண்முகசுந்தரத்தைப் பார்த்தார். "ஒண்ணு செய்ய உங்களுக்கு மூணு வருஷம் ஆகுமா?"

"முதலாவதுக்குத்தாங்க மூணு வருஷம். அடுத்தது ஒரு மாசம்."

"அப்ப இன்னைக்கே அடுத்ததை ஆரம்பிச்சுடுங்க. பிடிக்கலேன்னாலும் அந்த ரெண்டாவதை நான் எடுத்துக்கறேன். உங்க ஒரு வார உழைப்பை வீணாக்க மாட்டேன்."

ஸ்வாதி அட்டையில் முத்தாபுதுப்பேட்டையை அடித்துவிட்டு, அவர் சொன்ன முகவரியை எழுதி டிரைவரிடம் காட்டினாள். சண்முகசுந்தரம் இயந்திரத்தைக் கயிறு போட்டுக் கட்டினார். உரித்த வெங்காயத்தை ஜெயராமன் பையில் அள்ளிப் போட்டுக்கொண்டார்.

பார்வதம் டிரைவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து போனை எடுத்தார். ஷெட்டுக்காரர் இரண்டு முறை எடுக்கவில்லை. மூன்றாவது முறை எடுத்தார்.

"அண்ணாச்சி, பார்வதம் பேசறேன். அந்த ஷெட்டை யாருக்கும் சொல்லிறாதீங்க. நாங்க காலி பண்ணல."

பின்னால் ஒன்பது லாரிகளும் ஒரே சமயத்தில் ஸ்டார்ட் ஆயின. குட்டியானை சரிவில் இறங்கியது.