ஓமனா மூச்சு எடுக்கும் சத்தம்

1

இந்தக் கதை எனக்கு மதில்வழியாகக் கிடைத்தது. கேரளத்தின் தென்கோடியிலுள்ள கொல்லயில் ஊரில் என் வீட்டுக்கும் ஓமனாவின் வீட்டுக்கும் நடுவில் நிற்கும் மதில் சரியாக என் தாடை உயரம். கட்டியவருக்கு அண்டை வீட்டுச் செய்திகளில் அக்கறை இருந்திருக்க வேண்டும். ஒட்டுக்கேட்டேன் என்று யாரும் சொல்ல முடியாது. ஓமனாவின் தொண்டைக்கு ஒட்ட வேண்டிய அவசியமே இல்லை.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘ஓமனாவின் மூச்சு, எண்ணெய் தீர்ந்த விளக்கின் திரிபோல—’

வேண்டாம். விளக்கும் திரியும் வந்துவிட்டால் அடுத்த பக்கத்தில் ஆளைக் கொன்றாக வேண்டும்.

இரண்டாவது: ‘மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவே உதரவிதானம் என்றொரு தசை, கவிழ்த்த சட்டிபோல—’

இது பள்ளிக்கூடப் பாடம். ஆனால் அந்தத் தசை இல்லாமல் கதை நகராது. பிறகு வரும்.

மூன்றாவது: உதியன்குளங்கரை முக்கில் போட்டோஸ்டாட் கடை வைத்திருக்கும் ஓமனாவை ஊரில் குரவை ஓமனா என்றால்தான் தெரியும். தாலி ஏறும்போது பெண்கள் நாக்கைச் சுழற்றி எழுப்புகிற சத்தம்தான் குரவை. மற்றவர்களுக்குப் பாதியில் மூச்சு முட்டும். ஓமனா மட்டும் நிற்காமல் போய்க்கொண்டே இருப்பாள். தாலி கட்டிய மாப்பிள்ளை கையை எடுக்கலாமா என்று அவள் முகத்தைப் பார்ப்பான்.

இது இருக்கட்டும்.

(எங்கள் சபையில் குரவை கிடையாது. அதைக் கேட்பதற்காகவே நான் ஊரிலுள்ள இந்துக் கல்யாணங்களுக்கெல்லாம் போவேன். சாப்பாட்டுக்கு என்று சொல்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும்.)

2

அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. கூடவே இடது தோளில் பொறுக்க முடியாத வலி. இரண்டும் போனபோது கழுத்திலிருந்து இறங்குகிற நரம்பு ஒன்றையும் முடக்கிவிட்டுப் போயின. அதற்குப்பிறகு ஓமனாவால் மல்லாந்து படுக்க முடியவில்லை. கடைக்கு இரண்டு கட்டு காகிதம் தூக்கினால் மேல்மூச்சு வாங்கியது.

திருவனந்தபுரத்தில் அவளைப் படம்பிடிக்கும் கருவிக்கு முன்னால் நிறுத்தி மூக்கை உறிஞ்சச் சொன்னார்கள். திரையில் உதரவிதானத்தின் வலது பாதி ஒழுங்காகக் கீழே இறங்கியது. இடது பாதி மேலே ஏறியது.

இதை எனக்கு விளக்கியவர் அவள் வீட்டுக்காரர் பொன்னப்பன். பிளம்பர். உலகத்தில் உள்ளது எல்லாமே அவருக்குக் குழாயும் டேங்கும்தான்.

“காத்தை நாம இழுக்கிறதா நினைக்கிறோம். அது தப்பாக்கும்,” என்றார். “அந்தத் தசை கீழ இறங்கும், விலா எலும்பு விரியும். உள்ள இடம் பெருசாகும்போ பிரஷர் குறையும். வெளிய உள்ள காத்து தானா உள்ள கேறும். நம்ம வேலை இடம் குடுக்கிறது மட்டும்.”

“அப்ப இடது பக்கம் ஏன் மேல போவுது?”

“அது செத்த தசை இல்லியா? மேல பிரஷர் குறைஞ்சா வயிறு அதை மேல தள்ளும்.”

முன்வாசல் கதவைப் படக்கென்று திறந்தால் அடுக்களைத் திரைச்சீலை அந்தப் பக்கமாகப் பறக்குமே, அதுபோல என்று புரிந்துகொண்டேன். ஓமனாவுக்குள் ஒரு பக்கம் கதவு, மறுபக்கம் திரைச்சீலை.

(இந்த இடத்தில் ‘அவள் உடம்பே அவளுக்கு எதிராக’ என்று ஒரு வரி எழுதி வைத்திருந்தேன். அடித்துவிட்டேன். பாதி எதிர்க்கிறது, பாதி உழைக்கிறது. எங்கள் வீட்டிலும் அப்படித்தான்.)

3

வீட்டில் வைத்துப் பழக ஒரு கருவி கொடுத்தார்கள். மூன்று அறை, மூன்று பந்து, ஒரு குழாய். ஓமனா குழாயை வாயில் வைத்து, குரவை இட்ட பெருமை அத்தனையும் சேர்த்து, ஊதினாள். ஒரு பந்தும் அசையவில்லை.

“தா இங்க,” என்று பொன்னப்பன் ஊதினார். மகள் அமிர்தா ஊதினாள். மதிலுக்கு மேலே கை நீட்டி வாங்கி நானும் ஊதினேன். கருவி கெட்டுப்போனது என்று நாலு பேரும் ஒருமனதாகத் தீர்மானித்தோம்.

பயிற்சி சொல்லித்தர வந்த தன்யா தலையில் அடித்துக்கொண்டாள். “ஊதண்டா சேச்சி! அகத்தேக்கு எடுக்கு!”

ஊதக் கூடாது, உள்ளே எடுக்க வேண்டும். அதற்கல்லவா அந்தக் கருவி. ஓமனா எடுத்தாள். ஒரு பந்து லேசாக நடுங்கியது. இத்தனை வருஷம் மூச்சை வெளியே விடுவதில் பேர் வாங்கியவள், முதல்முறையாக அதை எங்கிருந்து எடுக்கிறாள் என்று யோசித்தாள். யோசித்ததை அவள் என்னிடம் சொல்லவில்லை. முகத்தில் பார்த்தேன். எனக்கு அந்த உரிமை உண்டு, மதில் என் தாடை உயரம்.

“மோளுக்க கல்யாணத்துக்குக் குரவை இடலாமா?” என்று தன்யாவிடம் கேட்டாள்.

“இடலாம் சேச்சி. மூச்சு இளைக்கும், அவ்வளவுதான். நீளமா வராது.”

4

கல்யாணம் நெருங்கியது. இனி நடந்தது முழுவதும் துணி துவைத்துக்கொண்டே கேட்டது.

“ஓமனே, நீ கஷ்டப்படாண்டாம்,” பொன்னப்பனின் குரல். “மைக்செட் ஜெனிலுக்க கையில உனக்க குரவை உண்டு. சரோஜத்துக்க மகளுக்க கல்யாண வீடியோவில இருந்து எடுத்துப் பென்டிரைவில போட்டாச்சு. தாலி ஏறும்போ ஒரு பட்டன்.”

“அப்ப நான்?”

“நீ முன்னால நிக்கணும். வாயை மட்டும் கொஞ்சம்…”

“வாயை?”

“திறந்து வச்சாப் போதும்.”

நான் பிழிந்த துணியையே மறுபடியும் பிழிந்தேன்.

“எனக்க மகளுக்க கல்யாணத்தில,” ஓமனா நிறுத்தி மூச்சு எடுத்தாள், “எனக்க பழைய சத்தத்துக்கு நான் வாயசைக்கணுமா? பேசாம போட்டோவுக்கு மாலை போட்டு முன்னால வையும். அதுவும் வாய் மிண்டாம நிக்கும்.”

“நாலு பேரு முன்னால நின்னு இளைச்சா நாணக்கேடு இல்லியா?”

“ஆருக்கு?”

அமிர்தா நடுவில் வந்தாள். “அம்மா, அப்பா உனக்க நல்லதுக்குத்தான்…”

“நீ மிண்டாதே மக்கா. தாலி உனக்கு. குரவை எனக்கு.” மறுபடியும் ஒரு மூச்சு. “நாள் முழுக்க நகல் எடுத்துக் குடுக்கிறவ ஆக்கும் நான். ஒரிஜினல் கையில இருக்கும்போ நகலை எந்த ஆபீஸிலயும் வாங்கமாட்டான்.”

கதவு அறைந்து சாத்தப்பட்டது. அடுக்களைத் திரைச்சீலை ஆடியது.

ஆனால் பொன்னப்பன் விடுகிற ஆளா? சாயங்காலம் வாசலில் நின்று ஜெனிலுக்குப் போன் செய்தார்: “அவ எதும் சொல்லட்டு. இளைச்சா உடனே பட்டனை அமுக்கிரு.” இது ஓமனாவுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

5

இங்கேதான் கதை சிக்கியது. முடிவு வேண்டும். மூன்று எழுதினேன்.

முடிவு அ: தாலி ஏறுகிறது. ஓமனா குரவை இடுகிறாள். உச்சத்தில் அப்படியே சாய்கிறாள். எழுதிவிட்டு நானே அழுதேன். அழுத முகத்தோடு மதிலுக்குப் போய் அவளிடம் சொன்னேன்.

“எட்டி தங்கபாய், நான் செத்துக் கிடந்தா பந்தியில சோறு விளம்ப ஆரு உண்டு? நீயா? நீ முதல் பந்தியிலயே இருந்திருவே.”

முடிவு ஆ: தாலி ஏறும் நொடியில் இடது பாதிக்கு உயிர் வருகிறது. குரவை பாறசாலை ரயில் நிலையம்வரை கேட்கிறது.

“நரம்பு உனக்க கதையை வாசிச்சிட்டா சரியாவும்?”

முடிவு இ. இதில் எனக்குப் பெருமை உண்டு. எங்கள் சபைப் பாடகர் குழுவில் நீளமான சுரம் வந்தால் ஒருத்தி மூச்சு எடுக்கும்போது இன்னொருத்தி தாங்குவாள். கேட்பவர்களுக்கு இடைவெளியே தெரியாது. அதுபோல நாங்கள் பெண்களெல்லாம் சேர்ந்து ஓமனா மூச்சு எடுக்கிற இடங்களை மூடிவிடுகிறோம்.

அவள் மதிலில் கை ஊன்றி நின்றாள்.

“மூடாண்டாம்,” என்றாள். “மூச்சு விடுறதுக்கு என்ன பாடு? விட்டாப் போவும்.* எடுக்கிறதுதான் வேலை. இத்தனை நாளும் அந்த வேலையை ஆரும் கேக்காத மாதிரி செய்தேன். இனி மைக்கில கேக்கட்டு. துண்டு துண்டா இடுவேன். நடுவில எடுப்பேன். நாலு பேருக்கும் காதுண்டு இல்லியா?”

(* சும்மா இருக்கிறபோதுள்ள மூச்சுக்கு அது சரி. தசை தளர்ந்தால் மார்பு தானே சுருங்கும், காற்று தானே போகும். குரவைக்கு வயிற்றுத் தசையும் வேண்டும். ஓமனா வயிற்றில் அதற்குக் குறைவில்லை.)

“சரி, இதையே முடிவா எழுதுறேன்,” என்றேன்.

“எழுதப்பிடாது.”

“என்னத்துக்கு?”

“நீ எழுதி வச்சா, நான் வாய் திறக்காமலே ஆளுவ கேட்டுட்டுப் போவும். பின்ன உனக்கும் எனக்க வீட்டுக்காரருக்கும் என்ன வித்தியாசம்? அதும் பென்டிரைவ் ஆக்கும்.”

என்னை யாரும் இதுவரை பொன்னப்பனோடு ஒப்பிட்டதில்லை. வலித்தது.

“அப்ப நான் எதுவரைக்கும் எழுதட்டு?”

“எடுக்கிறது வரைக்கும்.”

6

பாறசாலையில் மண்டபம். நாதஸ்வரம், கோடிச் சேலையின் மொடமொடப்பு, பின்கட்டிலிருந்து சாம்பார் வாசனை. முகூர்த்தத்துக்கு முன்னால் நான் மைக்செட் மேசைப் பக்கம் போய், உனக்கு எப்போது கல்யாணம் என்று ஜெனிலைக் குடைந்தேன். இந்தக் கேள்வியைக் கேட்டால் ஆண்பிள்ளைகள் முகத்தை அந்தப்பக்கம் திருப்பிக்கொள்வார்கள். அவனும் திருப்பிக்கொண்டான்.

ஓமனா மேடைக்கு ஏறி, வைத்திருந்த மைக்கைத் தன் உயரத்துக்கு இறக்கினாள். யாரிடமும் கேட்கவில்லை. முன்வரிசையில் ஒருத்தி பக்கத்தில் இருந்தவளிடம், “இவளுக்கு ஏலுமா?” என்றாள். ஓமனாவுக்கு அது கேட்டது. கேட்டது என்று அந்தப் பெண்ணுக்கும் தெரியும்படி திரும்பிப் பார்த்தாள்.

‘அந்தக் கணத்தில் காலமே உறைந்து—’ இல்லை. மாப்பிள்ளை தாலியை எடுத்தான். கெட்டிமேளம்.

ஓமனா இடுப்பில் கை ஊன்றினாள். வயிறு முன்னால் தள்ளியது. வலது பாதி இறங்குகிறது. இடது பாதி தன் பிடிவாதத்துக்கு மேலே ஏறுகிறது, ஏறிக்கொள்ளட்டும். விலாவுக்கு நடுவிலுள்ள தசைகள் எலும்புகளைத் தூக்குகின்றன, கழுத்து நரம்புகள் புடைக்கின்றன, ரவிக்கைத் தையல் இழுபடுகிறது. உள்ளே இடம் பெருகுகிறது. மண்டபத்தின் காற்று, மல்லிகையும் சாம்பாரும் முன்வரிசைக்காரியின் முணுமுணுப்புமாக, உள்ளே ஏறுகிறது. கிழிசல் துணியை இழுப்பதுபோன்ற அந்தச் சத்தம் நாலு ஒலிபெருக்கியிலும் கேட்கிறது. மேளக்காரர்கூடத் திரும்பிப் பார்க்கிறார்.

பொன்னப்பனின் முகம் வெளுக்கிறது. ஜெனிலைப் பார்த்துக் கையை ஆட்டுகிறார். ஜெனில் பட்டனை அமுக்குகிறான். மறுபடியும் அமுக்குகிறான்.

ஒன்றும் வராது. பென்டிரைவ் என் கைப்பையில், பாட்டுப் புத்தகத்துக்கும் சீப்புக்கும் நடுவில் கிடக்கிறது.

இனி அந்த மண்டபத்தில் எழும்பப்போகிற சத்தம் நீளமோ குட்டையோ, நடுவில் எத்தனை இடத்தில் அறுந்தாலும், அது அவளுடையது. அதை நான் எழுதமாட்டேன். வாக்கு வாக்குதான். அவள் எடுத்தாகிவிட்டது.

இதுவரை நீங்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்திருப்பீர்கள். விடுங்கள், அதற்கு ஒரு பாடும் இல்லை. அடுத்ததை எடுக்கும்போது மட்டும், பக்கத்தில் யார் இருந்தாலும் சரி, சத்தமாக எடுங்கள்.