விளக்கைப் பார்த்து நின்றவள்

கல்யாண வீடுகளில் படம் எடுக்கிறவரை நீச்சல் குளத்துக்கு இழுத்து வந்தது, போட்டியை நடத்தும் அவருடைய மச்சான். வழக்கமாக வருகிற போட்டோகிராபருக்குக் காய்ச்சலாம். ஒரே ஒரு கட்டளை: பிளாஷ் போடக் கூடாது. ஏன் என்று மச்சானும் சொல்லவில்லை, நம் ஆளும் கேட்கவில்லை. பிள்ளைகளுக்குக் கண் கூசும், அவ்வளவுதானே என்று தானே ஒரு பதிலையும் சொல்லிக்கொண்டார்.

காலையிலிருந்து அவருக்கு எல்லாமே வேடிக்கைதான். தொப்பியும் கண்ணாடியும் மாட்டிவிட்டால் பெற்றவர்களுக்கே பிள்ளை அடையாளம் தெரியவில்லை. ஒரு அம்மா யார் மகனுக்கோ தொண்டை கிழியக் கத்திவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டார்.

பெண்களுக்கான ஐம்பது மீட்டர் வந்தது. முதலில் வருகிறவளுக்கு மட்டும்தான் அடுத்த கட்டம். குளத்தின் ஓரத்து மேடைகளில் பாயக் குனிந்த எட்டுப் பேரில் ஏழு பேர் தண்ணீரைப் பார்த்தார்கள். கடைசி மேடைக்காரி மட்டும் கழுத்தைச் சாய்த்து, தரையிலிருந்த சின்ன விளக்கொன்றைப் பார்த்தாள். விளக்கில் அப்படி என்னதான் இருக்கிறது? தெரியாவிட்டால் தலை வெடித்துவிடும் போலிருந்தது அவருக்கு. அந்த மூலையோ இருட்டு. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்களே, விரல் தானாகப் போய் பிளாஷைத் தட்டிவிட்டது.

பளிச்சென்று வெளிச்சம் அடித்தது. அவள் பாய்ந்தாள். அவள் மட்டும்தான் பாய்ந்தாள். அழுத்திய விரலை எடுக்காததில் கேமரா அதையும் படபடவென்று எடுத்துத் தள்ளியது.

முந்திப் பாய்ந்தால் ஆள் வெளியே, மறுபேச்சு கிடையாது. நடுவர் கை காட்டினார். படிக்கட்டில் இருந்த அவளுடைய அம்மா கீழே இறங்கி ஓடி வந்தார்.

"அவளுக்குக் காது கேக்காதுங்க. மத்தவங்க சத்தத்துக்குக் குதிப்பாங்க. இவ அந்த வெளக்கு மின்னுனாத்தான் குதிப்பா. ஒருநாளும் முந்த மாட்டா."

பிளாஷ் ஏன் கூடாது என்பது நம் ஆளுக்கு அப்போதுதான் விளங்கியது. வெளிச்சம் எங்கிருந்து வந்ததென்று யாரும் கவனித்திருக்கவில்லை. வாயைத் திறந்தால் மச்சானின் மானமும் சேர்ந்து கப்பலேறும். திறக்காவிட்டால் ராத்திரி சோறு இறங்காது. நேராக நடுவரிடம் போனார்.

"பிளாஷ் போட்டது நான்தாங்க. இந்தப் படத்தப் பாருங்க, வெளிச்சம் அடிக்கும்போது அவ கை மேடையிலதான் இருக்கு."

நடுவர்கள் கூடிக் கூடிப் பேசினார்கள். கடைசியில், எட்டுப் பேரும் மறுபடி நீந்தட்டும் என்றார்கள். மச்சான் வந்து நம் ஆளின் கழுத்திலிருந்த அனுமதி அட்டையைக் கழற்றிக்கொண்டு போனார்.

இந்தத் தடவை விளக்கே மின்னியது. ஏழு பேர் பாய்ந்தும் அவள் பாயவில்லை. இதுவாவது நிஜமா என்று ஒரு கணம் தயங்கிவிட்டுத்தான் குதித்தாள். ஆறு பேரை விரட்டிப் பிடித்தாள். ஏழாவது பெண்ணிடம் ஒரு முழம் குறைந்துபோனது.

நம் ஆள் அவளிடம் மன்னிப்புக் கேட்கப் போனார். அவள் கேமராவைக் கை காட்டினாள். கொடுத்தார். ஒவ்வொரு படமாகத் தள்ளிக்கொண்டே போனவள் ஒன்றில் நின்றாள். ஏழு பேரும் குனிந்தே நிற்க, அவள் மட்டும் அந்தரத்தில் நீண்டிருந்தாள். அம்மாவைப் பார்த்து விரல்களால் என்னவோ சொன்னாள்.

"இன்னிக்கி அவ முன்னால இருக்கறது இந்தப் படத்துல மட்டுந்தானாம். இதக் குடுப்பீங்களான்னு கேக்குறா."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.