மூன்றாவது தடவை கிடையாது

1
உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நாட்டின் அரசியலமைப்பைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். ஒரு பந்தியை எழுதி முடிப்பதற்குள் இன்னொரு திருத்தப் பேச்சு வந்து நின்றது. அலுத்துப்போய், டிக்கோயாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து மரண உதவிச் சங்கத்துக்கு வந்துவிட்டேன். அதற்கும் விதிகளை எழுதிவைத்த ஒரு யாப்பு உண்டு.

கதைக்குள் எழுத்தாளனைத் தட்டிக்கேட்க ஆளில்லை. ஆகவே எனக்கும் ஒரு விதி போட்டுக்கொள்கிறேன்: இந்தக் கதைக்கு இரண்டு முடிவுகள்தான் எழுதலாம்.

2
பனி இறங்கிய ஒரு காலைப்பொழுதில் ஜீவராணி
[வேண்டாம். பனி இல்லாத மலையகக் கதை ஒன்றாவது இருக்கட்டும்.]

ஜீவராணி சங்கத்தின் செயலாளர். தலைவர் சிவசாமி அவளுடைய மாமனார். தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் ஒரே காம்பரா அறை, ஒரே அடுப்பு. ஒருவர் இரண்டு தவணைக்கு மேல் தலைவராக இருக்கக்கூடாது என்கிறது யாப்பு. சிவசாமிக்கு இரண்டும் முடிந்துவிட்டன. நாளைக்குப் பொதுக்கூட்டம். விதியை நீக்கும் திருத்தத்தை அவள்தான் வாசித்து வாக்குக்கு விட வேண்டும்.

ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தவளிடம் சிவசாமி மெதுவாகப் பேச்சை எடுத்தார்.

"அந்த விதி கணேசமூர்த்திய* எறக்குறதுக்குப் போட்டதும்மா. எனக்காகவா போட்டோம்?"

"போடச் சொன்னதே நீங்கதானுங்களே மாமா. விதியில அவரு பேரு இல்லையே."

சிவசாமி தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தார். அவள் அடுத்த ரொட்டியைக் கல்லில் போட்டாள்.

* கணேசமூர்த்தி பழைய தலைவர். நாற்காலியை விட்டு எழும்பவே மாட்டேன் என்றிருந்தவர்.

3
சிவசாமியைக் கெட்டவராக்கப் பார்த்தேன். மீசையை முறுக்கிவிட்டேன், குரலை உயர்த்தினேன். ஒன்றும் ஒட்டவில்லை. வாகனம் ஏறாத மேட்டு லயங்களுக்குச் சவப்பெட்டியைச் சுமக்கும்போது முதலில் தோள் கொடுப்பவர் அவர்தான், மழையானாலும் சரி. அதுதான் சிக்கல். கெட்டவரை இறக்க யாரும் கை தூக்குவார்கள். நம் வீட்டுப் பிணத்தைச் சுமந்தவருக்கு முன்னால் எவர் கையைக் கீழே வைத்திருப்பார்?

4
முதல் முடிவு: ஜீவராணி வாசிக்கிறாள். கைகள் உயர்கின்றன. விதி எல்லோருக்குமாகப் போய்விட்டது. சிவசாமிக்கு மாலை விழுகிறது. எல்லோரையும்விடப் பலமாகக் கை தட்டுவது யார் என்று திரும்பிப் பார்க்கிறாள். கடைசி வரிசையில் கணேசமூர்த்தி.

இரண்டாவது: வாசித்துவிட்டு, தான் எதிர்ப்பதாகச் சொல்கிறாள். திருத்தம் தோற்கிறது. மறுநாள் அந்தக் காம்பராவில் இரண்டு அடுப்பு எரிகிறது. இதை எழுதும்போது எனக்கு வலித்தது.

5
மூன்றாவதும் ஒன்று இருக்கிறது. உங்களுக்கும் அதுதான் வேண்டும், தெரியும்.

சிவசாமி மெல்ல எழுந்து, "எனக்கு வேணாங்க, வேற ஒருத்தரப்

ஜீவராணி என் பேனாவையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். விதியை மற்றவர்களுக்கென்றா போட்டீர்கள் என்று கேட்கிறாள். நியாயம்தான். தலைவர் தானாக இறங்குவார் என்று நம்பியிருக்க முடியாமல்தானே யாப்பு எழுதுகிறோம். நான் இறங்கிக்கொள்கிறேன்.

இப்போது நீங்கள் பெரட்டுக்களத்தில், காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் அதே இடத்தில், சனத்தோடு உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்கள் அப்பாவின் பெட்டிக்கு முதலில் தோள் கொடுத்தவர் சிவசாமி. ஜீவராணி திருத்தத்தை வாசித்து முடித்துவிட்டாள். ஆதரிப்பவர்களைக் கை தூக்கச் சொல்கிறாள்.

சிவசாமி உங்களைத்தான் பார்க்கிறார்.