பன்னிரண்டாவது கதைக்கு ஒரு மேசை

1

இந்தக் கதை ஒரு மேசையில் பிறந்தது என்று எழுதத்தான் ஆசை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், இது ஒரு போட்டோவில் பிறந்தது. குத்துக்கல்வலசையில் புதிதாகக் கட்டிய வீட்டின் மாடியறையை ஒருத்தி போட்டோ எடுத்து, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். அதுவும் மே மாதக் கடைசியில். தென்காசிப் பக்கம் வீடு வைத்திருக்கும் எவரும் செய்யக்கூடாத காரியம். ஏன் என்று வெளியூர்க்காரர்களுக்கு மூன்றாம் பகுதியில் சொல்கிறேன். உள்ளூர்க்காரர்கள் இப்போதே சிரித்துக்கொள்ளலாம்.

அவள் பெயர் ஜெயபிரியா. நர்சரிப் பள்ளி ஆசிரியை. (அது நீங்கள்தானே என்று கேட்பீர்கள். அவளுக்கு ஒரு மூக்குக்கண்ணாடி மாட்டிவிட்டிருக்கிறேன், எனக்குக் கிடையாது. இந்த வித்தியாசம் போதும்.)

2

ஜெயபிரியாவிடம் பதினொரு கதைகள் இருந்தன. திருநெல்வேலியில் ஒரு சின்னப் பதிப்பாளர் போனில் சொன்னார்: “பன்னெண்டு இருந்தா புஸ்தகமாப் போட்டுரலாம்மா. ஜூலை இருபது, சாயங்காலம் ஆறு மணி. கையெழுத்துல எழுதிப் போட்டோ எடுத்து அனுப்புனாக்கூடப் போதும். தவறிச்சுன்னா அடுத்த வருசம் பாப்போம்.”

‘அடுத்த வருசம் பாப்போம்’ என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியும். நாற்பத்தொரு வயதில் வருகிற முதல் புத்தகம்.

அந்தப் பதினொன்றையும் அடுப்படியிலும் பஸ் ஸ்டாப்பிலும் எழுதியவள், கடைசிக் கதையையாவது மனுஷி மாதிரி உட்கார்ந்து எழுத நினைத்தாள். பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருக்கும் அவள் கணவன் பேச்சிராஜ், அச்சன்புதூர் ஆசாரியிடம் சொல்லித் தேக்கு மேசை செய்து, மூச்சு வாங்க மாடியேற்றினான். “இனிமே நீயே நெனச்சாலும் எழுதாம இருக்க முடியாதுல்லா” என்றான். இடப்பக்கம் வெளிச்சம், எதிரே மேற்கு மலை, சுவரில் ‘தினமும் ஒரு பக்கம்’ என்று ஒரு அட்டை.

மூன்று வாரத்தில் அந்த மேசையில் எழுதப்பட்டவை முழுவதும் இங்கே:

*மலையில் மேகம் இறங்கிய அன்று அவள் ஜன்னலைத்*

*ஜன்னலை அவள்*

*ஜன்னல்*

(கதை தேய்ந்துகொண்டே போவதைக் கவனிக்கவும்.)

மேசையை மட்டும் தினமும் துடைத்தாள். துடைத்துப் பளபளவென்று ஆனதும்தான் அந்தப் போட்டோ.

3

சொல்கிறேன் என்றேன் அல்லவா. ஜூனில் சாரல் விழும். குற்றாலத்தில் தண்ணீர் விழுந்துவிட்டால், பக்கத்தில் காலியாக ஓர் அறை வைத்திருக்கிற குடும்பத்துக்கு உலகத்தில் எத்தனை சொந்தங்கள் உண்டென்று கணக்கே தெரியாது. போட்டோ போட்ட நாலாவது நிமிடம், பேச்சிராஜின் அக்கா சந்தனமாரி தூத்துக்குடியிலிருந்து குரல் அனுப்பினாள்: “ரூமு அம்சமா இருக்குட்டி பிரியா. சீசனுக்கு எல்லாருமா வந்துருதோம்.”

ஜூலை முதல் வாரம் எட்டுப் பேர் வந்திறங்கினார்கள். தேக்கு மேசைமேல் ஈரத் துண்டுகள் காய்ந்தன. ‘தினமும் ஒரு பக்கம்’ அட்டையின் ஆணியில் யாருடைய பனியனோ தொங்கியது.

(இந்த இடத்தில் அவள் அழுவதாக ஒரு பத்தி எழுதியிருந்தேன். பொய்யாக இருந்தது, எடுத்துவிட்டேன். அவள் எட்டுப் பேருக்கும் தோசை சுட்டாள்.)

4

அருவிக்குக் கூட்டமாகப் போனால் ஒரு ஆள் குளிக்காமல் இருந்தாக வேண்டும். பை பார்த்துக்கொள்ள. அந்த ஆள் எப்போதும் உள்ளூர்க்காரியாகத்தான் இருப்பாள். “ஒனக்கென்ன, எப்ப வேணும்னாலும் குளிச்சுக்கிடலாம்” என்பார்கள்.

அன்று ஐந்தருவியில், சிப்ஸ் கடைக்கு எதிரே ஒரு கல்படியில், நான் பையை மடியில் (அடித்துவிடுகிறேன்) ஜெயபிரியா பையை மடியில் வைத்து உட்கார்ந்தாள். உள்ளே ஏழு போன்கள், நாலு கைக்கடிகாரம், சந்தனமாரி மாமனாரின் பல்செட். அவர்கள் திரும்ப இரண்டு மணி நேரம் ஆகும். சும்மா இருக்கப் பிடிக்காமல் நோட்டை எடுத்துப் பைமேல் வைத்தாள். முதல் வரி வந்தது. இரண்டாவதும் வந்தது. ஒரு பக்கம் நிறைந்தபோதுதான் விஷயம் உறைத்தது. அவளைக் கூப்பிடக்கூடிய அத்தனை போனும் அவள் மடியிலேயே கிடக்கிறது. பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிடுகிற தன் போனையும் அணைத்துவிட்டால் இந்த உலகத்தில் யாராலும் அவளிடம் ஒரு டம்ளர் காபி கேட்க முடியாது!

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவளே பையைத் தூக்கிக்கொண்டு முதலில் கிளம்பினாள். பத்து நாளில் பத்துப் பக்கம். என்ன கதையா? பை பார்த்துக்கொள்ளும் ஒருத்தியின் கதை. ஆமாம், இதுதான்.

கடைசிப் பக்கம் மட்டும் பாக்கி.

5

ஜூலை பதினெட்டு. மலையில் பேய்மழை. வெள்ளம் என்று குளிக்கத் தடை போட்டுவிட்டார்கள். பத்தொன்பதும் தடை. வீட்டில் கேரம் போர்டு, டிவி, மூன்று வேளைச் சமையல். ஜெயபிரியா மாடிக்கும் அடுப்படிக்குமாக நோட்டைத் தூக்கிக்கொண்டு அலைந்தாள். ஒரு வரியும் நகரவில்லை.

“என்னட்டி, ரெண்டு நாளா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?” என்றாள் சந்தனமாரி.

“ஒண்ணுமில்ல மைனி.” பிறகு அடக்கமாட்டாமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

“கதையா! நீ புள்ளையளுக்குப் பரீட்சைப் பேப்பர் எழுதுதன்னுல்லா நெனச்சேன். அதுல நான் வாரேனா?”

“வாரீங்க.”

“குளிக்கேனா?”

“பக்கத்துக்குப் பக்கம் குளிக்கீங்க.”

“அந்தப் பை வச்சிருக்கவ? அவ எப்பம் குளிக்கா?”

ஜெயபிரியா நோட்டை மூடினாள். சந்தனமாரி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். “ஏட்டி, நீ எப்பம்ட்டி கடைசியாக் குளிச்ச?”

மூன்று சீசன் ஆகியிருந்தது. எழுத இடம் கிடைத்த சந்தோஷத்தில் அதைக் கவனிக்கவே இல்லை.

6

ஜூலை இருபது. தடை நீங்கிவிட்டது. ஐந்தருவி, மாலை நாலே கால். ஆறு மணிக்குள் கடைசிப் பக்கம் போக வேண்டும்.

முடிவு அ: அவள் படியில் உட்கார்ந்து எழுதி முடிக்கிறாள். புத்தகம் வருகிறது. தலை நனையவில்லை.

முடிவு ஆ: அவள் குளிக்கிறாள். புத்தகம் ‘அடுத்த வருசம் பாப்போம்’.

முடிவு இ: சந்தனமாரி பையையும் நோட்டையும் வாங்கிக் கடைசிப் பக்கத்தைத் தானே எழுதுகிறாள். (அதில் சந்தனமாரி மட்டும்தான் இருப்பாள். வேண்டாம்.)

எனக்கு மூன்றுமே பிடிக்கவில்லை. யோசித்துக்கொண்டிருக்கும்போதே சந்தனமாரி என் கையைப் பிடித்து இழுக்கிறாள்.

“எந்திரிட்டி, ரெண்டு பேருமாப் போவோம்.”

“பைய யாரு மைனி பாப்பா?”

அவள் சுற்றுமுற்றும் பார்க்கிறாள். பிறகு நேராக உங்களைப் பார்த்துக் கை நீட்டுகிறாள். “அந்தா ஒரு ஆளு, முதல்லேருந்து வாசிச்சுக்கிட்டுச் சும்மாதான இருக்கு. அதுகிட்டக் குடு.”

பிடியுங்கள். ஏழு போன், நாலு கடிகாரம், பல்செட் அடியில் இருக்கிறது, நசுங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். நோட்டு மேலேயே இருக்கிறது. கடைசிப் பக்கம் காலி. பேனா உள்ளே செருகியிருக்கிறேன். எந்தப் போன் அடித்தாலும் எடுக்காதீர்கள், எழுத்து ஓடாது. ஆறு மணிக்குள் முடித்து, போட்டோ எடுத்து அனுப்பிவிடுங்கள்.

நான் குளிக்கப் போகிறேன்.