நோட்டீஸ் மட்டும்

...இல்லை, விவாகரத்து வேண்டாம், நோட்டீஸ் மட்டும் போதும், இதை வக்கீலிடம் எப்படிச் சொல்வது, கடையில் போய் ஒற்றைக்கால் செருப்பு கேட்கிற மாதிரி அல்லவா இருக்கும், சிரிப்பாரோ, சிரித்தால் சிரிக்கட்டும், நான் பார்க்காத சிரிப்பா, ஆவடி குவார்ட்டர்ஸில் தண்ணீர் பிடிக்கப் போனாலே பக்கத்து வீட்டு வனஜாவைத் தவிர எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்கள், என் காதுபடவே, லோகநாயகி புருஷன் ஷிப்ட் முடிந்ததும் நேரே காட்டுப்பாக்கத்துக்குத்தான் பஸ் ஏறுகிறான் என்று... அங்கே இருக்கிறவள் பெயர்கூட எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் மாட்டேன், பெயர் தெரிந்தால் அவளும் ஒரு மனுஷி ஆகிவிடுவாள். வனஜாதான் சொன்னாள், "இன்னாக்கா நீ, அழுதுகினே கீற, வக்கீல் நோட்டீஸ் ஒண்ணு உடு, எங்க மச்சான் அப்டிதான் அலறிகினு ஊட்டாண்ட வந்து நின்னாரு" என்று. இவரும் வந்து நிற்கட்டும், கொஞ்ச நேரம் வாசலிலேயே நிற்க வைத்துவிட்டு அப்புறம் சாப்பாடு போடுவேன்... என்ன குழம்பு வைப்பது என்றுகூட யோசித்து வைத்திருக்கிறேன், வெட்கம் கெட்டவள்.

பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற இந்தப் பரந்தாமன் வக்கீலை விட்டால் குவார்ட்டர்ஸ் ஜனத்துக்கு வேறு வக்கீல் கிடையாது, ஃபேக்டரியில் சஸ்பெண்டு என்றாலும் இவர்தான், ஊரில் பாகப்பிரிவினை என்றாலும் இவர்தான், எங்கெங்கிருந்தோ வந்து சேர்ந்த எங்களுக்கு வேறு யாரைத் தெரியும்... உள்ளே கூப்பிட்டார், உட்காரச் சொன்னார், கணவர் பெயர் என்ன, எந்த செக்‌ஷன் என்று கேட்டார், சொன்னேன், எழுத வேண்டியவர் பேனாவை மூடிவிட்டார், ஏன் மூடுகிறார், நான் தப்பாக ஏதும் சொல்லிவிட்டேனா... "அம்மா, நான் உங்களுக்காக நிக்க முடியாது. உங்க வீட்டுக்காரர் மனோகரன் ஏற்கெனவே எங்கிட்ட வந்துட்டாரு." எதற்கு என்று கேட்டேன், பைத்தியம் மாதிரி, விவாகரத்துக்குத்தான் என்றார், எப்போது என்றேன், பொங்கலுக்கு முந்தி என்றார்.

பொங்கலுக்கு முந்தியா... அந்தப் பொங்கலுக்குத்தானே கேட்காமலே புடவை எடுத்து வந்தார், எனக்குப் பிடித்த அரக்குக் கலரில், அதைக் கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய்க் காட்டினேனே, அவர் மனசு மாறிவிட்டது என்று வனஜாவிடம் பெருமை வேறு பீற்றிக்கொண்டேனே, முடிவு பண்ணிவிட்டுத்தான் புடவை எடுத்திருக்கிறார். வக்கீல் வேறொரு வக்கீலிடம் போகச் சொன்னார், அந்தப் பெயர் காதில் விழவே இல்லை, நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன், "எம்மேல என்ன குத்தம் சொன்னாரு சார்?" அதையெல்லாம் அவர் சொல்லக் கூடாதாம், வாசல்வரை கூடவே வந்தார், அப்புறம் மனசு கேட்காமல் சொல்லிவிட்டார், "ஒரு குத்தமும் சொல்லலம்மா. உங்களப் பத்தி ஒரு வார்த்தை தப்பா எழுதக் கூடாதுன்னுட்டாரு."

ஆவடி பஸ் நிற்கிறது, கண்டக்டர் கூவுகிறார், நான் ஏறவில்லை... வாயாடி என்று சொல்லியிருக்கலாமே, இந்த வாயைத் தைத்துப் போட்டிருப்பேனே, சமைக்கத் தெரியாதவள், சந்தேகக்காரி, என்னத்தையாவது சொல்லியிருக்கலாமே, அதையாவது திருத்திக்கொண்டு போய் அவர் எதிரில் நின்றிருப்பேன், இப்போது நான் எதைத் திருத்திக்கொள்வது, நல்லவள் என்று சொல்லிவிட்டுப் போகிறவரை என்ன சொல்லித் திரும்பக் கூப்பிடுவது...