சம்பளத்தோடு பன்னிரண்டு நாள்

குவைத்திலிருந்து இரண்டு வருஷம் கழித்து ஆசிப் கோட்டக்குப்பத்துக்கு வந்தபோது அவனுக்கு முப்பது நாள் லீவு இருந்தது. சம்பளமும் உண்டு, விமான டிக்கெட்டும் கம்பெனியே எடுத்துத் தந்தது. அவன் மனைவி நிலோஃபருக்கு ஒரு நாள்கூட இல்லை.

திண்டிவனத்தில் ஜெகதீசனின் கண்ணாடிக் கடையில் அவளுக்கு மூன்றரை வருஷமாக வேலை. லென்ஸைத் தேய்த்து ஃபிரேமில் உட்கார வைக்க அங்கே அவளுக்குத்தான் தெரியும். உடன் வேலை பார்க்கும் கிருஷ்ணவேணி பில் போடுவாள், அவ்வளவுதான். காலை ஏழரைக்குக் கிளம்பி, பாண்டி போய் பஸ் மாறிப் போனால், வீடு திரும்ப ராத்திரி ஒன்பதாகிவிடும். ஆசிப் சாப்பிடாமல் காத்திருப்பான். அவள் சாப்பிட்டுக்கொண்டே தூங்கி விழுவாள்.

ஒரு வாரம் லீவு கேட்டபோது ஜெகதீசன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் திருப்பிப் பேசியிருக்கலாம்.

"சம்பளத்தோட லீவெல்லாம் பெரிய கம்பெனிக்குத்தாம்மா. நம்ம கடையில இருக்கறதே மூணு பேரு. நான் லீவு போட்டு எத்தினி வருஷம் ஆவுது, சொல்லு?"

ராத்திரி ஆசிப் சொன்னான். "வேலைய வுட்டுடு. நான் அனுப்பறது போதாதா?"

"நீங்க போய்ட்டா, ரெண்டு வருஷம் இந்த நாலு சுவத்துக்குள்ள நான் என்ன பண்ணிக்கினு இருக்கறது?"

கூடத்தில் ஆசிப்பின் அம்மா, சபியா பீவி மாமி, இருமும் சத்தம் கேட்டது.

கடைக்குச் செவ்வாய் விடுமுறை. ஆசிப்பின் லீவில் வந்ததே நாலு செவ்வாய். மூன்றாவதை அவர்கள் விழுப்புரத்தில் தொழிலாளர் அலுவலகத்து பெஞ்சில் கழித்தார்கள். அங்கிருந்த அதிகாரியம்மாள் பொறுமையாகக் கேட்டார்.

"ஒருத்தர் வேலை பாத்தாலும் கடை கடைதாம்மா. ஒரு வருஷம் தொடர்ந்து பாத்திருந்தா, அடுத்த வருஷம் சம்பளத்தோட பன்னண்டு நாளு உனக்கு உண்டு. மனு குடு, நாங்க போய் விசாரிக்கிறோம்."

"யாரு குடுத்ததுன்னு அவருக்குத் தெரியுங்களா மேடம்?"

"பேரை நாங்க சொல்ல மாட்டோம். ஆனா ரெண்டே பேரு வேலை பாக்குற கடை... மொதல்ல அவருகிட்டயே எழுதிக் குடுத்துப் பாரேன்."

மறுநாள் எழுதிக் கொடுத்தாள். சட்டத்தின் பெயரைக்கூடத் தப்பில்லாமல் எழுதியிருந்தாள். ஜெகதீசன் இரண்டு தடவை படித்தார். அவர் முகம் சுருங்கியது.

"என்னாண்டயே சட்டம் பேசுறியாம்மா? சரி, உள்ளது உள்ளதுதான். எடுத்துக்க." கையெழுத்துப் போட்டார். பிறகு மேலே தேதி குறித்தார். "இருபத்தி நாலுலேருந்து. அதுவரைக்கும் கண் முகாம் ஆர்டரு கெடக்கு, பாக்குற இல்ல?"

ஆசிப் ஏறவேண்டிய விமானம் இருபத்தி மூன்றாம் தேதி.

"சார், அவரு அதுக்குள்ள போயிடுவாரு."

"லீவு குடுக்கலன்னு மட்டும் யாராண்டயும் சொல்லாத."

கையெழுத்துப் போட்ட காகிதத்தை வைத்துக்கொண்டு இனி யாரிடம் போய் முறையிடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. மெஷினைப் போட்டு அடுத்த லென்ஸை எடுத்தாள்.

இருபத்தி மூன்றாம் தேதி அரை நாள் கெஞ்சி வாங்கி, மீனம்பாக்கம் போய் அவனை வழியனுப்பினாள். மறுநாள் காலை பழக்கத்தில் குளித்துத் தயாராகி வாசல்வரை வந்துவிட்டாள்.

"இன்னிக்கி வேலைக்குப் போவலியா?" என்றார் மாமி.

"லீவு மாமி. பன்னண்டு நாளு."

"நேத்திக்கு வரைக்கும் இல்லாத லீவா?" என்ற மாமி, அவள் கையிலிருந்த பையை வாங்கி உள்ளே வைத்தார்.

மூன்றாம் நாள் மத்தியானம் ஜெகதீசன் போன் செய்தார்.

"நிலோஃபர், ஒரு லென்சு ஒக்காரவே மாட்டேங்குது, கஸ்டமர் நின்னுக்கினு இருக்காரு. ஜல்தியா ஒரு மணி நேரம் வந்துட்டுப் போயிடேம்மா."

"நான் லீவுல இருக்கேன் சார்."

"தெரியும்மா. ஒரு மணி நேரந்தான்."

"லீவுல இருக்கேன் சார்."

அவர் வைக்கும்வரை அவள் காத்திருக்கவில்லை. குரல் நடுங்காமல் சொன்னது அவளுக்கே வியப்பாக இருந்தது. அந்தத் தெம்பில் அறைக்குள் வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். குவைத்தில் அப்போது ஆசிப் வேலையில் இருப்பான், போன் எடுக்க முடியாது. செய்வதற்கு ஒன்றுமில்லை. இன்னும் ஒன்பது நாள் இருந்தது.